தபால் கந்தோரில் வேலை

பாண்டிருப்பிலிருந்து கல்முனைக்கு
ஓட்டோவில் ஐந்து நிமிடம்.
எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

மடியில் சவர்க்காரப் பெட்டி,
பெட்டிக்குள் கூனி.
சந்தையில் கூனிச் சாக்குக்குப் பின்னால்
கண் திறக்காமல் கிடந்ததால் அந்தப் பெயர்.
ஓட்டை வழியே வந்த நாற்றத்துக்கு
ஜெயசுதன் கண்ணாடியைத் திருப்பினான்:
"என்னக்கா, கருவாடா?"
ஓம் என்றேன்.
அன்றைய முதல் பொய்.

முதலில் சூடையை விட்டாள்.
பிறகு கீரியை.
தட்டுக்கு ஓடி வருவாள், ஒரு கடி,
சுடுபட்டதுபோலத் துள்ளி
தட்டைப் பார்த்துச் சீறுவாள்.
தலையை ஒருச்சாய்த்து
வலக் கடைவாயால் மட்டும் மெல்லுவாள்.
"ராசாத்திக்கு இனிப் பாரைதான் வேணுமாம்"
என்றார் இவர்.
பாரை வாங்கினோம். முள்ளெடுத்துப் போட்டோம்.
மீன் தின்னும் வாய் மீன்தானே மணக்கும் என்று
நானும்தான் சொன்னேன்.

நான்.
காலை எட்டுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி
நாற்பது பிள்ளைகளிடம்
"ஆ காட்டுங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.
பாடசாலைப் பல் சிகிச்சை அறையில்
பதினொரு வருடம்.
பல்லு மிஸ் வாறா என்றால்
மூன்றாம் வகுப்பு முழுதும் வாய் பொத்தும்.
நாக்கின் நிறத்தை வைத்து
எந்தக் கடை ரொபி என்று சொல்வேன்.
கடைவாயில் ஊசிமுனைக் கறுப்பு
யன்னல் வெளிச்சத்திலேயே தெரியும்.

வீட்டில் என் மடியில் படுத்து
அகலக் கொட்டாவி விட்டவளின் வாய்
தெரியவில்லை.

டொக்டர் ஷப்ரினா
பெருவிரலால் உதட்டை மெல்ல உயர்த்தினா.
தோணியின் அடியில் ஊரி பிடித்ததுபோல
மஞ்சள், அதன்மேல் பழுப்பு.
முரசு தொட்ட இடமெல்லாம் இரத்தம்.
"இடப்பக்கம் மூணு பல்லு வேரோட கரைஞ்சிருக்கு.
நோ இருக்கும். நல்ல நோ.
நாய் எண்டாலும் கன்னம் வீங்கி
மூஞ்சியக் கதவில தேய்ச்சுச் சொல்லும்.
பூனை சொல்லாது. பசியோட இருக்கும்.
கிருமி ரத்தத்தில இறங்கினா
கிட்னியையும் தொடும்."
பிறகு அட்டையை நிரப்பப் பேனாவை எடுத்து,
"நீங்க என்ன வேலை?"

சுவரில் பசுமாடொன்றின் படம்,
உடம்பெல்லாம் அம்புக்குறி.
வெளியே யாரோ கட்டிவிட்டுப் போன ஆடு
கத்திக்கொண்டேயிருந்தது.
"தபால் கந்தோரில்" என்றேன்.

யோசித்தால் முழுப் பொய்யுமில்லை.
மூக்குக்கு நேரே வந்த கடிதத்தை
ஏழு மாதம் உடைக்காமல் வைத்திருந்தேன்.

மயக்க ஊசி. வாங்கில் இரண்டு மணித்தியாலம்.
மூன்று பல்லையும்
மருந்துப் போத்தலொன்றில் போட்டுத் தந்தார்கள்.
அரிசிக் குறுணல் அளவு.
இவ்வளவு சின்னதுக்குள்ளா
அவ்வளவும் இருந்தது.

"கிழமைக்கு நாலு நாளாவது விளக்கிவிடுங்க.
மனிசர்ர பேஸ்ட் வேணாம்,
அது இவளுக்குக் கூடாது. தெரியுமா?"
என் கைப்பையில்
பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பேஸ்ட்
ஆறு கிடந்தது.
தெரியாது என்றேன்.
அது உண்மை.

இப்போது இரவில்
விரலில் துணி சுற்றி, கோழி மணக்கும் பசை தடவி
நிலத்தில் குந்துகிறேன்.
இவர் டோர்ச் பிடிப்பார்.
முதல் நாள் நக்கினாள், அவ்வளவுதான்.
மூன்றாம் நாள் மேலுதடு வரை விட்டாள்.
"ஆ காட்டு" என்றால் முறைக்கிறாள்,
எந்தப் பிள்ளையும் அப்படி முறைத்ததில்லை.

புதன்கிழமை கதிரையில் ஏறிய துகாரிகா
தன் வாயை மறந்து என் விரலைப் பார்த்தாள்.
"பிளாஸ்டர் என்ன மிஸ்?"
கடிச்சிட்டா.
"ஆரு?"
எங்கட வீட்டு ஆள்.
"பல்லு விளக்கேக்கயா?"
ஓம்.
"நானெண்டாலும் கடிப்பன்" என்று
ஆவென்று திறந்தாள்.

அவளிடம் சொல்லவில்லை.
முதல்நாள் இரவு
காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு
டோர்ச்சைக் கேட்டு வாங்கி
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வலப்பக்கம் மட்டுமில்லை.
இரண்டு பக்கமும் பதிந்திருந்தது.